மணலும் கோலும்

கற்பிட்டிக் கரையில் வளர்ந்த எமக்கு மணலின் வேறுபாட்டை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அலை நனைத்த ஈரமணலிற் கரைவலை இழுப்பாரின் கால் உறுதியாய் நிற்கும். சற்று மேலேறினால் உலர்மணலிற் கணுக்கால்வரை புதையும். இவ்வறிவு கோல்ப் ஆட்டத்திற்கும் உதவும் என்றால் அன்பர்கள் நகைக்கலாம்.

கொழும்பு றோயல் கோல்ப் கழகம் 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாக் கழகம் 1889ஆம் ஆண்டிலும் தோன்றியவை. அத்தகைய திடல்களுக்குச் செல்லும் நம் பழைய மாணவர், மணற்குழியினின்று பந்தை எழுப்பும் ‘சான்ட் வெட்ஜ்’ என்னுங் கோலைப் பெரும்பொருள் ஈந்து வாங்குகின்றனர். முகச்சாய்வு 56 பாகையோ என வினவுவர். அடிப்புறத்தைத் திருப்பிப் பாரார். சூட்சுமமோ ஆண்டே உளது.

ஜீன் சாரசென் என்னும் அமெரிக்கர் கோலின் அடியில் ஈயம் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பினுந் தாழுமாறு அமைத்தார். 1932ஆம் ஆண்டு பிரித்தானியத் திறந்த போட்டியில் அவ்வகைக் கோலுடன் வென்றார். தாழ்ந்த அப்பின்புறமே கோலைப் புதையவிடாது மணலில் வழுக்கிச் செல்ல வைப்பது. அத்தாழ்வின் கோணத்தைப் ‘பவுன்ஸ்’ என்பர். நெகிழ்ந்த மணலுக்கு அது 10 பாகைக்கு மேல் இருத்தல் நன்று. இறுகிய ஈரமணலுக்கு 6 பாகையளவே போதும். மிகுந்தாற் கோல் துள்ளிப் பந்தின் நடுவில் மோத, பந்து எங்கோ பறக்கும். (அதனைத் தேடும் துன்பம் தனிக்கதை!)

ஆதலின், வாங்குமுன் தாம் வழக்கமாய் ஆடும் திடலின் மணற்குழியில் இறங்கி நின்று பார்க்க. ஆட்டத்தின்போது மணலின் தன்மையைக் கையாலோ கோலாலோ சோதித்தல் விதிக்கு மாறு. நிற்கும்பொருட்டுப் பாதத்தை ஊன்றுதல் குற்றமன்று. நம் கரையார் பாதத்திற்கு அதுவே போதும்.