காம்போவாவின் குளம்

பனாமா நகரத்திலிருந்து காட்டை ஒட்டி வரும் சாலை, சாக்ரெஸ் ஆற்றின் பாலத்தைத் தாண்டியதும் காம்போவாவில் தீர்ந்துவிடும். ஊருக்கு ஒருபுறம் ஆறு, ஒருபுறம் பனாமா கால்வாய், முதுகில் சோபெரானியா காடு. கால்வாயைத் தூர்வாரும் பிரிவை 1936இல் இங்கே மாற்றினார்கள். அதன் பிறகுதான் ஊர் பெருத்தது. 1999 டிசம்பர் 31 அன்று அமெரிக்கா கால்வாயைப் பனாமாவிடம் ஒப்படைத்தது. நான் போனபோது பழைய மரவீடுகள் பல பூட்டிக் கிடந்தன. முயலைவிடச் சற்றே பெரிய அகூட்டிகள் முற்றத்துப் புல்லில் உட்கார்ந்து, விழுந்த பழங்களை முன்னங்கால்களில் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்துக்கு அங்கே ஆய்வுக்கூடம் உண்டு. தவளைகளின் குரலைப் பதிவு செய்யும் குழுவில் ஒரு மழைக்காலம் முழுக்க உதவியாளாக இருந்தேன். மைக் கம்பைப் பிடிப்பது, நேரமும் வெப்பநிலையும் குறிப்பது, எந்தச் செடியில் எது உட்கார்ந்திருந்தது என்று எழுதுவது என் வேலை. பகலில் தூக்கம். எழுந்தால் தேங்காய்ப்பாலில் துவரை போட்டு வேகவைத்த சோறு. அந்த ஊர்க்காரர்களின் விருந்துச் சாப்பாடு அது. முதல் கவளத்திலேயே எனக்கு அந்த மண் பழகிவிட்டது.

குளம் என்று சொன்னால் நம் ஊர்க் குளத்தை நினைக்க வேண்டாம். முழங்கால் ஆழத் தண்ணீர், விளிம்பில் கோரையும் அகன்ற இலைச் செடிகளும், மேலே கவிந்த மரக்கிளைகள். அவ்வளவுதான். மே மாதம் மழை பிடித்துவிட்டால், பொழுது சாய்ந்ததும் அந்தச் சின்ன இடத்துக்குள் எத்தனையோ இனங்கள் வந்து சேரும். என் மனம் ஒட்டிக்கொண்டது டெண்ட்ரோப்சோஃபஸ் பேரினத்துச் சின்ன மரத்தவளைகள் மூன்றிடம். முதுகில் மணற்கடிகை போன்ற பழுப்புத் திட்டு உள்ள மஞ்சள் தவளை எப்ராக்கேட்டஸ். இன்னும் சிறியது மைக்ரோசெஃபாலஸ். மூன்றாவது ஃப்ளெபோடெஸ். எல்லாமே கட்டைவிரலின் மேல் கணுவளவுதான். மூன்றும் ஒரே கோரைப்புதரில், சில சமயம் ஒரே தண்டில் இருந்து கத்தும்.

கென்ட்வுட் வெல்ஸும் ஜோஷுவா ஷ்வார்ட்ஸும் 1980களில் பனாமாவில் இந்த மூன்றின் குரல்களைத்தான் ஆராய்ந்தார்கள். எங்கள் குழுவில் எல்லோரும் அவர்களுடைய கட்டுரைகளைப் படித்துவிட்டே குளத்துக்கு இறங்குவோம். எப்ராக்கேட்டஸின் சாதாரண அழைப்பு ஒரு சின்ன ரீங்காரம், அதன் வாலில் சில ‘டிக் டிக்’ ஒலிகள். மைக்ரோசெஃபாலஸ் கூட்டமாகக் கத்தும். ஒன்று தொடங்கினால் கரை முழுக்கப் பற்றிக்கொள்ளும், பிறகு எல்லாம் சேர்ந்து ஓயும், மறுபடி எழும். அந்தக் கூட்டம் பொங்கும்போது எப்ராக்கேட்டஸின் குரல் எடுபடாது. குரல் மூழ்கிப்போனால் பெண் தவளை வந்து சேராது. கத்துவதற்குச் செலவழித்த தெம்பெல்லாம் வீண். ஆகவே அது இடைவெளி பார்க்கும். மற்றவை ஓயும் நொடியில் தன் அழைப்பை நுழைக்கும். லாவணி கேட்டவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும்: எதிர்க்கட்சிக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் தன் அடியை எடுக்க வேண்டும்.

இடைவெளி கிடைக்காதபோதுதான் சண்டை. பக்கத்தில் இன்னொரு ஆண் கத்தினால் எப்ராக்கேட்டஸின் குரலே மாறிவிடும். ரீங்காரத்தின் துடிப்புகள் நெருங்கும், ஒலி கரகரக்கும். எதிரி எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நீளும் அந்த மிரட்டல். நாடாவில் கேட்டே இரண்டுக்கும் நடுவே தூரம் குறைவதைச் சொல்லிவிடலாம். அப்படியும் நகராவிட்டால் கட்டிப் புரண்டு, ஒன்று தண்டிலிருந்து விழும்.

இந்த மிரட்டல் தன் இனத்தானை மட்டும் பார்த்து எழுவதில்லை. ஃப்ளெபோடெஸ் அருகில் கத்தினாலும் எழும், மைக்ரோசெஃபாலஸ் கத்தினாலும் எழும். பெண்ணுக்காகப் போட்டியே இல்லாத இரு இனங்களுக்குள் எதற்குப் பகை என்று தோன்றலாம். குளத்தின் கரையில் நின்று கேட்டவர்களுக்குத் தோன்றாது. அங்கே பங்கு போட வேண்டிய பொருள் சத்தமில்லாத ஓர் இடம். அயல் இனத்தானை ஒரு முழம் தள்ளி உட்கார வைத்துவிட்டால், தன் குரல் அந்த ஒரு முழத்துக்குத் துலக்கமாகப் போகும். மிரட்டுவதிலும் இழப்பு உண்டு: பெண் எப்ராக்கேட்டஸுக்குப் பிடித்தது சாதாரண அழைப்பு, மிரட்டல் அல்ல. சண்டை போடும் நேரமெல்லாம் அழைக்காத நேரம். இவ்வளவு சிறிய உயிர் ஒவ்வொரு நொடியும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய வியப்பு.

அதே கரையில் சிவப்புக் கண் மரத்தவளைகளின் சண்டை வேறு விதம். உட்கார்ந்த கிளையையே பின்பாகத்தால் உலுக்கும். அதிர்வு செடி வழியே எதிரிக்குப் போய்ச் சேரும். அதை 2010இல் ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது. நான் மைக் கம்பு பிடித்தவன் என்பதால் அது எனக்கு எட்டாத உலகம்.

ஆகஸ்டில் ஒரு கனமழை ஓய்ந்த இரவை மட்டும் சொல்லிவிடுகிறேன். கால்வாயில் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. என் மைக்குக்கு நேர் எதிரே, ஒரே கோரைத் தண்டில், மேலே எப்ராக்கேட்டஸ், கீழே ஃப்ளெபோடெஸ். மேலிருந்தது ஒரு தடவை சாதாரணமாக அழைத்தது; கீழிருந்தது அதன் மேலேயே கத்தியது. மேலிருந்தது திரும்பி உட்கார்ந்து கரகரத்தது. ஃப்ளெபோடெஸ் அசையவில்லை. அடுத்த கரகரப்பு நீண்டது, அதற்கடுத்தது இன்னும் நீண்டது. தண்டில் இறங்கி ஏறக்குறைய முட்டிக்கொள்ளும் தூரத்துக்கு வந்தபோது ஃப்ளெபோடெஸ் பக்கத்துத் தண்டுக்குத் தாவியது. எப்ராக்கேட்டஸ் பழைய இடத்துக்கு ஏறிப்போய், மைக்ரோசெஃபாலஸ் கூட்டம் ஓயும்வரை பொறுத்து, டிக் டிக் என்று முடியும் தன் அழைப்பைத் தொடங்கியது. தாவிப்போன ஃப்ளெபோடெஸுக்கு அந்தத் தண்டில் தன் இனத்தானே ஒருவன் காத்திருந்தான். நான் வெப்பநிலையைக் குறித்து முடிப்பதற்குள் அங்கே அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.