ஆச்சிக்கு ஒரு முறுக்கு

தில்லியில் படித்த காலத்தில் கிறிஸ்துமசுக்கு எப்பாடு பட்டாவது ரயிலேறிப் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்துவிடுவேன். 2022ஆம் ஆண்டில் அது கைகூடவில்லை. ஆராய்ச்சியின் பொருட்டு, மனைவியோடும் ஒன்றரை வயது மகனோடும் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரில் இருந்தேன்.

டிசம்பர் 24ஆம் நாள் பிற்பகல் 2 மணிக்கே அங்கே கடைகளை அடைத்துவிடுகிறார்கள். ஐந்துக்குள் இருட்டு. அவர்களுக்கு அது வீட்டுக்குள்ளே குடும்பத்தோடு கொண்டாடும் இரவு. பாட்டும் வெடியுமாகத் தெருவில் திரிந்து வளர்ந்த எனக்கோ, ஊரே கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. மனைவி அச்சு முறுக்கு சுட்டாள். புறப்படும்போது அந்த அச்சை வற்புறுத்திப் பெட்டியில் திணித்தவள் என் அம்மா. அன்று நான் முணுமுணுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவு 11.30க்குக் கைப்பேசி ஒலித்தது. ஊரில் விடியற்காலை 4 மணி. அம்மா கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள். சத்தம் கேட்டு விழித்த பையனின் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தோம். அவன் அதைத் திரையில் தெரிந்த ஆச்சியின் வாய்க்கு நேரே நீட்டினான். அவளும் வாயைத் திறந்து, கடித்து, மென்றாள். பையன் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது முழுசாகவே இருந்தது. மறுபடியும் நீட்டினான்.