மணலுக்கு ஒரு வழி

நெய்தல் திணைப் பாடல்களில் 'எக்கர்' என்றொரு சொல் அடிக்கடி வரும். அலையும் காற்றும் கொணர்ந்து குவித்த மணல்மேடு என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடலாம். ஆனால் 'கொணர்ந்து' என்பதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எங்கிருந்து?

அலை பெரும்பாலும் கரைக்குச் சற்றுச் சாய்வாகவே வந்து சேர்கிறது. மேலேறும் நீர் மணலையும் சாய்வாக ஏற்றுகிறது; திரும்பும் நீரோ சரிவின் போக்கில் நேரே இறங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் சிறிது பக்கவாட்டில் நகர்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவகாலத்து அலைகள் மணலை வடக்கே நடத்துகின்றன. வடகிழக்குப் பருவம் அதைத் தெற்கே திருப்புகிறது. ஆயினும் ஆண்டுக்கணக்கு முடிக்கையில் வடக்கே போனதே மிகுதி. வந்த மணலும் போன மணலும் ஈடாக இருக்கும்வரை கரை நிலைத்து நிற்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் கரையோரமாக ஒரு மணல் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னையில் அந்த ஆற்றின் குறுக்கே கல் இடும் வேலை 1876இல் தொடங்கியது. துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. அதற்கு முன் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் அலை வந்துபோனதைப் பழைய ஓவியங்களில் காணலாம். சுவர் எழுந்ததும் வடக்கே போகவேண்டிய மணல் அதன் தென்புறத்தில் தங்கியது, கடல் விலகியது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுபாதை அமைத்து 'மெரினா' என்று பெயரிட்டார். இன்று சாலையிலிருந்து அலைவரை கால்கடுக்க நடக்கிறோமே, அம்மணலின் பெரும்பகுதி துறைமுகச் சுவர் தேக்கித் தந்தது.

சுவருக்கு வடக்கே நடந்தது வேறு. தெற்கிலிருந்து மணல் வருவது நின்றது. அலைகள் தம் வேலையை நிறுத்தவில்லை. இருந்த மணலையும் எடுத்துக்கொண்டு மேலும் வடக்கே போயின. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்பவர் பல இடங்களில் இன்று காண்பது கருங்கற் குவியல்களைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் எக்கருக்கு விளக்கம் சொல்லி, மெரினாவை எடுத்துக்காட்டியபோது, வடசென்னை மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். பாட்டியின் வீடு இருந்த இடத்தில் இப்போது கடல் இருக்கிறது என்றாள். பிறகு, "எங்களுக்கு வரவேண்டிய மணல்லதானே ஐயா எல்லாரும் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுறாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்கிறது இலக்கணம். அவள் பேச்சில் இரங்கலைவிடக் கணக்கே மிகுந்திருந்தது. அக்கணக்கில் பிழையும் இல்லை.

இக்கணக்கு சென்னையோடு முடிந்துவிடவில்லை. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரத்தின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. கல் போட்ட ஊர் தப்புகிறது. கல் முடியும் இடத்தில் அடுத்த ஊர் கரையத் தொடங்குகிறது. அங்குள்ளவர்களும் தங்களுக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்கிறார்கள். வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது வேறெதைக் கேட்பார்கள்? ஆனால் ஒவ்வொரு வளைவும் தனக்கு வடக்கே உள்ள குப்பத்தின் பங்கைத்தான் பிடித்துவைத்துக்கொள்கிறது.

சுவரின் தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்ப்பது உலகம் அறிந்த வழிதான். கல் கொட்டுவது ஒருமுறைச் செலவுபோல் தோன்றும். மணலைக் கடத்துவதோ ஆண்டுதோறும் செய்யவேண்டியது. அலை தானாகச் செய்துவந்த வேலையை நாம் தடுத்தோம். துறைமுகம் நிற்கும்வரை அவ்வேலை நம் கடன்.