அடி பார்த்துப் பிடுங்கு

ஐப்பசி மழை விடாமல் பெய்து இடியும் முழங்கிவிட்டால் அம்மம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. இடி இடித்தால்தான் காளான் பூக்கும் என்பது ஒட்டுசுட்டான் பக்கத்துப் பேச்சு. விடியமுன்னம் பனையோலைப் பெட்டியோடு, பாலையும் முதிரையும் நின்ற காட்டோரமாக அவர் நடக்க, ஈரச் சருகில் வழுக்கி வழுக்கி நானும் பின்னால் போவேன்.

அவர் தேடியது புற்றுக் காளான் ஒன்றைத்தான். குடை விரியாத மொட்டு, நடுவில் கூரான குமிழோடு. சட்டென்று இழுக்க விடமாட்டார். சுள்ளியால் மண்ணைக் கிளறவேண்டும். தண்டு மெலிந்து நீண்டு புற்றுக்குள் இறங்கினால்தான் பெட்டிக்குள் போகும். கறையான்கள் மண்ணுக்கடியில் வளர்க்கும் பூஞ்சணத்திலிருந்து எழும்பும் தண்டு அது. பேராதனைப் பூங்காவில் வேலைசெய்த ரொம் பெச் என்ற ஆங்கிலேயர் 1906 இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். அம்மம்மாவுக்குப் பெச்சையும் தெரியாது, பேராதனையையும் தெரியாது. சின்ன வெங்காயமும் முதற்பாலும் விட்டு அவர் வைக்கும் கறிக்கு அது தேவைப்படவுமில்லை.

மாட்டுப்பட்டிப் பக்கத்துப் புல்லில் இன்னொன்று வெள்ளைவெளேரென்று விரிந்து நிற்கும். உச்சியில் மண்ணிறச் செதில், தண்டில் மோதிரம் போல ஒரு வளையம். கை வைக்கப் போனால், "உதைத் தொடாதை பிள்ளை!" என்று அதட்டுவார். ஒருநாள் முற்றிய ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். கீழ் மடிப்பெல்லாம் பச்சை ஓடியிருந்தது. "மொட்டிலை உந்தப் பச்சை தெரியாது. அதாலைதான் அடியைப் பார் எண்டுறன்."

அயலில் வேறு சோதனைகள் சொல்வார்கள்: வெள்ளிக் காசு போட்டு அவித்தால் கறுக்கும், பூச்சி அரித்திருந்தால் பயமில்லை. இரண்டும் பிழை. ஐரோப்பாவில் ஆட்களைக் கொல்லும் அமனிட்டா ஃபலோயிடிஸ் காசைக் கறுப்பாக்காது; அவித்தாலும் நஞ்சு போகாது. சத்தி தொடங்கவே 6 மணித்தியாலத்துக்கு மேலாகும், பிறகு சுகமானதுபோலக் காட்டி ஈரலைத் தின்னும். அம்மம்மா காசெல்லாம் தேடவில்லை. தெரிந்த ஒன்றைத் தவிர வேறெதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு வந்த ஒரு மாரியில், எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பட்டிக் காளானைக் கறிவைத்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, வீடு முழுக்கச் சத்தியும் கழிச்சலும். மண்ணெண்ணெயில் புகைந்து புகைந்து ஓடிய உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். சேலைன் ஏற்ற, எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

அடுத்த மழைக்கு அந்த வீட்டு அம்மாவையும் அம்மம்மா கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். முதலில் மாட்டுப்பட்டிக்குத்தான் போனார்கள்.