தாகத்தை அடக்கும் பெண்கள்



ஊரிலிருந்து லீவுக்கு வந்த அண்ணன் குடும்பத்தைப் போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகளுக்கு ராட்டினத்தை விட்டு இறங்க மனமில்லை. பகல் இரண்டு மணி வாக்கில் மதினிக்குத் தலைசுற்றி, படியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் குடித்த காப்பிக்குப் பிறகு ஒரு மடக்குத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. கேட்டால், "குடிச்சிட்டு எங்க போயி ஒதுங்குறது தம்பி?" என்கிறார். கூப்பிடு தூரத்தில் கழிப்பறை இருந்தது.

நிழலுக்குக் கொண்டுபோய், கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்ததில் தெளிந்துவிட்டார். எனக்குத்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

மதினியைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பக்கம் வன்னியம்பட்டி விலக்கில் நின்று மதுரைக்குப் பஸ் ஏறுகிற நம் பெண்கள் எத்தனை பேர் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுகிறார்கள்? கல்யாணமோ, திருவிழாவோ, ஆஸ்பத்திரியோ, வீட்டை விட்டு இறங்கினால் தாகத்தை அடக்குவது அவர்களுக்குச் சிறுவயதிலேயே பழகிவிடுகிறது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் கல்லும் அதற்குக் கொடுக்கும் விலை. கடல் தாண்டி வந்தாலும் அந்தப் பயம் கூடவே வருகிறது.

சிங்கப்பூர் வெயில் வேறு ஏமாற்றும். 32 டிகிரி என்றால் நம் ஊரில் குளிர்ச்சியான நாள். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால் இவர்கள் வெப்பத்தை மூன்று வெப்பமானிகளால் அளக்கிறார்கள். ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும், ஒன்று கறுப்பு உருண்டைக்குள் வெயிலில் இருக்கும், மற்றது சாதாரணமானது. பத்தில் ஏழு பங்கு ஈரத்துணிக்கு, இரண்டு உருண்டைக்கு, ஒன்று சாதாரணத்துக்கு என்று கூட்டி ஓர் எண் எடுக்கிறார்கள். அந்த எண் 31க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 33ஐத் தொட்டால் ஆபத்து. நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில், 32 ஆனதும் கடின வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும்; 33 ஆனால் பதினைந்து நிமிடம். 2023 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. கூலிக்காரன் உடம்பையும் ஓர் அரசாங்கம் அளந்து பார்க்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

பூங்காவில் நடப்பதும் வரிசையில் நிற்பதும் வேலைதான். அதற்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி ராட்டினங்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சிவேளையில் கூரைக்குள் நடக்கும் காட்சிகளுக்குப் போய்விட வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டிலில் பிடித்து, தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ரோலர் கோஸ்டரில் ஏறக் கூடாது. வியர்வையோடு ஏசிக்குள் நுழைந்தால் பிள்ளைகள் நடுங்குவார்கள், தோளில் துண்டு இருக்கட்டும். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். அண்ணன் மகன் புது ஷூ போட்டு வந்து குதிகாலில் கொப்புளம். மதினி பையிலிருந்து எடுத்துக் கட்டியது நம் சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணி! எனக்கு அங்கேயே ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் இழுக்கும் நாளை நினைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கும் மனசை நான் இங்கே எந்தப் பூங்காவிலும் பார்த்ததில்லை. இங்கே குளிர்ந்த பானம் என்றால் காசு. உப்பும் நீரும் சேர்ந்த மோரைவிட வெயிலுக்கு ஏற்றது இவர்களிடம் என்ன இருக்கிறது?

ஆனால் ஒதுங்க இடமில்லை என்ற பயத்தில் அந்த மோரை என் மதினி வாங்கிக் குடிக்க மாட்டார். அதை இந்த வாரம்தான் உணர்ந்தேன். தேர் பார்க்க வரும் எத்தனை பெண்கள் மோர்ப்பந்தலைப் பார்த்தபடியே கடந்து போயிருப்பார்களோ!

பந்தல் போடும் தம்பிமார்களே, இந்த ஆடிக்கு மோர்ப்பானைக்குப் பக்கத்திலேயே பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு, உள்ளே தாழ்ப்பாள் உள்ள தற்காலிகக் கழிப்பறை வையுங்கள். சுத்தம் செய்ய ஆளுக்கு நல்ல கூலி பேசுங்கள். அது இருக்கும் இடத்தை மைக்கில் சொல்லிக்கொண்டே இருங்கள். வருஷாவருஷம் நான் மோருக்கு அனுப்பும் பணம் இந்த வருஷம் அதற்குத்தான்.