பேரேட்டில் ஒரு ஓட்டை

கார் ஓடும்போது தகராறு செய்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா நிற்கும்போது செய்தால்? ஐடிலிங் என்பது இன்ஜினுக்கு ஆபீஸில் மத்தியானம் மூணு மணி மாதிரி. வேலை இருக்காது, ஆனால் தூங்கவும் கூடாது. சூடான பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு 700, 800 சுற்றில் சமர்த்தாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒடுகத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வாடகைக்கு ஓட்டும் கார் அப்படி உட்காரவில்லை. 600க்கு இறங்கும், 1000க்கு ஏறும், சிக்னலில் பொசுக்கென்று அணையும். அவர் சவாரியில் பாதி, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது கார் அணைந்தால் என்ன ஆகும்?

ஒரு ஒர்க்‌ஷாப்பில், "த்ராட்டில் பாடியை மாத்திப் பாருங்க. சரியாகலைன்னா பெட்ரோல் பம்ப்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"இன்னா தம்பி இது? ஒண்ணொண்ணா மாத்திக்கினே போனா, கடைசியில பழைய கார்ல ஹாரன் மட்டும்தான் மிஞ்சும்" என்றார் அண்ணன்.

நான் பி.காம். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. கணக்குப் பார்க்கத் தெரியும். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். காருக்கும் ஒரு வாய் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட். 2013 ஏப்ரலிலிருந்து நம் நாட்டு பி.எஸ்.-4 புதுக் கார்களுக்கு ஓ.பி.டி.-2 கட்டாயமானது. அதில் ஒரு சின்ன புளூடூத் அடாப்டரைச் செருகினால் (சில நூறு ரூபாய்தான்) சென்சார்கள் சொல்வதெல்லாம் செல்போனில் பதிவாகும்.

பார்த்தோம். எரர் கோட் ஒன்றுகூட இல்லை. அண்ணன் முகம் வாடிவிட்டது. ஆனால் கோட் என்பது வருஷக் கடைசி பாலன்ஸ் ஷீட். திருட்டு அதில் தெரியாது, தினசரிக் குறிப்பில்தான் தெரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது இன்ஜினின் கணக்கு. காற்று அதிகமானால் கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் பெட்ரோலைக் கூட்டி 'அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி' போட்டுவிடும். இதற்கு ஃப்யூயல் ட்ரிம் என்று பேர். ஷார்ட் டெர்ம் என்பது அன்றாடச் சில்லறை. லாங் டெர்ம் என்பது பேரேடு. ரெண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். திருத்தம் 25 சதவீதத்தை நெருங்கினால்தான் பெரும்பாலும் விளக்கு எரியும்.

இன்ஜினைச் சூடாக்கி, ஏ.சி.யை அணைத்து, ஐந்து நிமிஷம் ஐடிலில் பதிவு செய்தோம். கூட்டுத்தொகை பிளஸ் 19. பிறகு 2500 சுற்றில் ஒரு நிமிஷம். பிளஸ் 4!

சின்னச் சம்பளக்காரன் பையிலிருந்து ரெண்டாயிரம் போனால் குடும்பமே ஆடும். லட்ச ரூபாய் சம்பளக்காரனுக்கு உறைக்கக்கூட உறைக்காது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. சுற்று கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். பம்ப் பலவீனம் என்றால் கதையே தலைகீழ்: ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போது ட்ரிம் எகிறும். ஆகவே பம்ப் நிரபராதி. த்ராட்டிலில் கரி படிந்தாலும் ஐடில் கெடும். ஆனால் பெட்ரோல் கணக்கு இப்படி உதைக்காது.

ஒரு எச்சரிக்கை. இது உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் 'மாஸ் ஏர் ஃப்ளோ' சென்சார் உள்ள காருக்கான கணக்கு. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் 'மேப்' சென்சார். அங்கே திருட்டுக் காற்றும் கணக்கில் ஏறிவிடுவதால் ட்ரிம் அவ்வளவு காட்டிக்கொடுக்காது. அழுத்தமும் ஐடில் சுற்றும் உயர்வதைத்தான் கவனிக்க வேண்டும்.

திருடன் இருக்கிறான் என்று லாக் சொல்லிற்று. எங்கே என்று சொன்னவர் எங்கள் தெரு மெக்கானிக் பாய். ஒரு ரப்பர் டியூபைக் காதில் வைத்து, இன்னொரு முனையை டாக்டர் மாதிரி இன்ஜின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தார். "உஸ்ஸுங்குது பாரு!" மேனிஃபோல்டுக்குப் போகும் பிரீதர் ஹோஸின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. புது ஹோஸ், கூலி, மூணு டீ எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. மறுபடி பதிவு செய்தோம்: ஐடில் 750, ட்ரிம் பிளஸ் 3.

கம்ப்யூட்டர் வந்துவிட்டால் மெக்கானிக்கின் காதுக்கு வேலையில்லை என்பவர்களையும், காது போதும் கம்ப்யூட்டர் எதற்கு என்பவர்களையும் நான் நம்புவதில்லை. கார் நன்றாக இருக்கும்போதே ஒரு லாக் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது, "சார், ஒரு பார்ட்டை மாத்திப் பார்ப்போமா?" என்று ஆரம்பித்தால், பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, "எந்த வரியைப் பார்த்துச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். பாதி பார்ட்டுகள் கடை அலமாரியிலேயே தங்கிவிடும்.