ஒரு '>' குறி செய்த வேலை

கட்டளை வரியிலேயே மெயில் படிப்பது எனக்குப் பிடிக்கும். காரணம் ரொம்ப சிம்பிள். எம்பாக்ஸ் வடிவத்தில் அஞ்சல்பெட்டி என்பது ஒரே ஒரு உரைக்கோப்பு. ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற சொல், அடுத்து ஒரு இடைவெளி என்றுதான் தொடங்கும். அந்த வரிகளை கிரெப் கட்டளையால் எண்ணினால் எத்தனை கடிதம் என்று தெரிந்துவிடும். தனி மென்பொருளே வேண்டாம்!

அந்தத் தெம்பில்தான் மாட்டிக்கொண்டேன். துபாயிலிருந்து அண்ணன் எழுதிய 212 மெயில்களைத் தனிக் கோப்பாக வைத்திருந்தேன். படித்த கடிதங்களில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்கினால் எல்லாம் படிக்காதவையாகத் தெரியும். முதலிலிருந்து படிக்க ஆசை. செட் கட்டளையால் அந்த வரிகளை நீக்கச் சொல்லி, '>' போட்டு, அதே கோப்பின் பெயரையே கொடுத்தேன்.

0 பைட்.

செட் மேல் தப்பில்லை. '>' குறியைப் பார்த்ததும் ஷெல் முதலில் கோப்பைக் காலி செய்யும், அப்புறம்தான் கட்டளையை ஓட்டும். செட் வந்து பார்க்கும்போது படிக்க எதுவுமில்லை.

இப்போது என் ஸ்கிரிப்ட் வேறொரு கோப்பில் எழுதி, இரண்டிலும் கடிதங்களை எண்ணி, கணக்கு ஒத்துப்போனால்தான் பெயரை மாற்றும். பாஷ் ஷெல்லிலேயே 'நோகிளாபர்' என்று ஒரு வசதியும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் இருக்கிற கோப்பை '>' அழிக்காது. மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் தேடிப் பார்த்து 61 மெயில்களைத் திரும்ப அனுப்பினான். மற்றவை போனது போனதுதான். அந்த 61க்கும் இப்போது மூன்று நகல் இருக்கிறது :-)